சந்தோஷமாக இருந்த பிள்ளைகள்

கேள்வி:

நான் தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட் லயக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். இப்போது பாலக்காடு மாவட்டம் சித்தூர்ப் பக்கம் தங்கி எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். வில்லியம் பிளேக் ஒரே தலைப்பில் எழுதிய இரண்டு கவிதைகள் எங்களுக்குப் பாடம். இரண்டும் புகைபோக்கி சுத்தம் செய்யும் சிறுவனைப் பற்றியவை. முதல் கவிதை நம்பிக்கையையும் மகிழ்ச்சியையும் பாடுகிறது, இரண்டாவது துயரத்தைப் பாடுகிறது என்று நோட்ஸில் எழுதித் தந்திருக்கிறார்கள். படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் கவிதைதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

இந்த இரண்டையும் எங்கள் தோட்டத்து வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் புராஜெக்ட் செய்யலாம் என்று நினைக்கிறேன். என் அம்மாச்சி பன்னிரண்டு வயது ஆவதற்கு முன்பே கொழுந்து எடுக்கப் போனவர். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பாட்டுப் பாடினோம், கொய்யா பறித்துத் தின்றோம், பனியில் ஒருத்தியை ஒருத்தி தேடி விளையாடினோம், “நாங்க சந்தோஷமாத்தாண்டி இருந்தோம்” என்பார். கயிற்றில் கோத்த ஒரு வில்லையை ஆபீஸில் கொடுத்தார்களாம். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனதை ஏதோ நகை போட்ட மாதிரி சொல்வார். என் அம்மா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார். அவரை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள லயத்திலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு அவரும் கொழுந்துக்குத்தான் போனார். அவர் பேச்சில் கோபம் மட்டும்தான்.

அம்மாச்சியைக் கள்ளமின்மை என்றும் அம்மாவைப் பட்டறிவு என்றும் வைத்து எழுதலாமா? லண்டன் புகைக்கூண்டையும் நம் தேயிலைக் காட்டையும் ஒப்பிடுவது பொருந்துமா?

— ஒரு மாணவி, மூணாறு

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

முதல் கவிதை உங்களைப் பயமுறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். அந்த நோட்ஸ் சொல்வதைவிட உங்கள் பயம் கவிதைக்கு நெருக்கமானது. ஒப்பிடுவதும் பொருந்தும். ஆனால் அம்மாச்சியை ஒரு பெட்டியிலும் அம்மாவை இன்னொரு பெட்டியிலும் போட்டு மூடிவிட்டால் இரண்டு கவிதையும் கைநழுவிப் போகும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தத் தொழில். லண்டன் வீடுகள் நிலக்கரி எரித்தன. புகைக்கூண்டின் உள்வழி பல இடங்களில் 9 அங்குல அகலம்தான், வளைந்து வளைந்து போகும். பெரிய ஆள் நுழைய முடியாது. ஆகவே நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளை உள்ளே ஏற்றினார்கள். முழங்கையும் முழங்காலும் தேய்ந்து புண்ணாகும். உப்புநீர் தேய்த்து அந்தத் தோலைக் காய்ப்பேற வைப்பார்கள். இரவில் சுரண்டி எடுத்த கரி மூட்டைகளின் மேலேயே தூக்கம். இந்தத் தொழிலாளிகளுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குக் கரிப்படிவுதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775இலேயே எழுதினார். தொழிலால் புற்றுநோய் வரும் என்று மருத்துவ உலகம் பதிவு செய்த முதல் நிகழ்வாக அதைச் சொல்கிறார்கள்.

இன்னொரு விவரம், புராஜெக்டில் கட்டாயம் சேர்க்க வேண்டியது. பிளேக்கும் பிள்ளைப் பருவத்தில் தொழிலுக்குப் போனவர்தான். 1772இல், பதினான்கு வயதில், ஜேம்ஸ் பேசயர் என்ற செப்புத்தகடு செதுக்குபவரிடம் ஏழு ஆண்டு தொழில் பழகச் சேர்த்தார்கள். அதற்காக அவர் அப்பா 52 பவுண்டு 10 ஷில்லிங் கட்டினார். அந்தக் காலத்து வழக்கம் அது. பிள்ளைக்குத் தொழில் கற்றுத்தர அப்பா எஜமானுக்குப் பணம் கட்டுவார். புகைக்கூண்டுத் தொழிலில் மட்டும் பணம் மறுபக்கமாகப் போனது. எஜமான் அப்பாவுக்குப் பணம் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டான். முதல் கவிதையின் சிறுவன், அம்மா செத்ததையும், நாக்குத் திருந்தும் முன்னே அப்பா தன்னை விற்றதையும் சொல்லித்தான் தொடங்குகிறான். ‘விற்றார்’ என்பதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தெருவில் கூவ வேண்டிய ‘ஸ்வீப்’ என்ற தொழில்குரல் அவன் மழலையில் ‘வீப்’ என்ற அழுகையாகக் கேட்கிறது. அந்த அழுகை இரண்டு கவிதையிலும் உண்டு.

முதல் கவிதை 1789இல் வந்த ‘கள்ளமின்மைப் பாடல்கள்’ தொகுப்பில் இருக்கிறது. இரண்டாவது 1794இல் ‘பட்டறிவுப் பாடல்கள்’ சேர்ந்து இரண்டும் ஒரே நூலானபோது வந்தது. மனித ஆன்மாவுக்கு எதிரெதிரான இரண்டு நிலைகள் உண்டு, அவற்றைக் காட்டப் போகிறேன் என்று அந்த நூலின் முகப்பில் பிளேக் குறிப்பிட்டார். நிலைகள் என்றுதான் சொன்னார், வயது என்று சொல்லவில்லை. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம், ஒரே நாளில் இருக்கலாம். கள்ளமின்மை முதலில் வந்து, பட்டறிவு பின்னால் வந்து அதை அழித்துவிடும் என்ற கணக்கு நோட்ஸ் போடுகிறவர்களுடையது.

இப்போது முதல் கவிதையை மெதுவாகப் பாருங்கள். இருபத்து நான்கு வரி. தாலாட்டுப் போல இரண்டிரண்டு வரியாக இயைபு. சொல்கிறவன் அந்தத் தொழிலில் கொஞ்சம் பழகிய சிறுவன். நான்காவது வரியிலேயே அவன் நம்மைப் பார்த்து முன்னிலையில் பேசிவிடுகிறான்: தான் சுத்தம் செய்கிற புகைக்கூண்டு உங்களுடையது என்கிறான். குற்றம் சாட்டவில்லை, சும்மா தகவல் சொல்கிறான். அதனால்தான் சுடுகிறது. அந்தப் புத்தகத்தை 1789இல் காசு கொடுத்து வாங்கக்கூடியவர் வீட்டில் கணப்பு இருந்திருக்கும், கூண்டு இருந்திருக்கும். தேயிலையைப் பற்றி எழுதப்போகிற நீங்கள் இந்த முன்னிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரையைப் படிக்கிறவர் கையிலும் ஒரு டம்ளர் இருக்கும்.

பிறகு டாம் வருகிறான், புதுசாக வந்த சின்னப் பையன். ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி சுருண்ட முடியை மழித்துவிடுகிறார்கள், அழுகிறான். நம் சிறுவன் அவனைத் தேற்றுகிறான்: தலை மொட்டையாக இருந்தால் கரி உன் வெள்ளை முடியைக் கெடுக்காதே, அழாதே என்கிறான். இந்த ஆறுதலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பாருங்கள். நடந்திருப்பது ஒரு கொடுமை. அதில் ஒரு நன்மையைக் கண்டுபிடித்துத் தன்னைவிடச் சின்னவனுக்குக் கொடுக்கிறது ஒரு பிள்ளை. அந்த அன்பு முழுக்க உண்மை. அந்த நியாயம் முழுக்கப் பொய். இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. பிளேக்கின் கள்ளமின்மை இதுதான்.

அன்றிரவு டாம் கனவு காண்கிறான். அவனைப் போன்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கறுப்புச் சவப்பெட்டிகளில் பூட்டிக் கிடக்கிறார்கள். ஒரு தேவதூதன் சாவியோடு வந்து திறந்துவிடுகிறான். பிள்ளைகள் பச்சைவெளியில் ஓடி, ஆற்றில் குளித்து, வெயிலில் மின்னி, மேகத்தில் ஏறுகிறார்கள். குளியல், வெயில், ஓட்டம்: பகலில் அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டதெல்லாம் கனவில் வருகிறது. ஆனால் எல்லாம் சவப்பெட்டி திறந்த பிறகுதான் வருகிறது. அதாவது செத்த பிறகு. அதோடு தேவதூதன் ஒரு நிபந்தனையும் வைக்கிறான்: நல்ல பையனாக இருந்தால் கடவுளே உனக்கு அப்பா. விடிவதற்கு முன் இருட்டில் எழுந்து, பையையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். வெளியே குளிர், டாமுக்கு உள்ளே கதகதப்பு. கடமையைச் செய்தால் பயமில்லை என்று கவிதை முடிகிறது. தேவதூதன் வாயில் எஜமானின் பேச்சு எப்படி வந்தது என்று நாம்தான் கேட்க வேண்டும். சிறுவன் கேட்கமாட்டான். நீங்கள் பயந்த இடம் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கவிதை அதில் பாதி, பன்னிரண்டே வரி. பனியில் ஒரு சின்னக் கறுப்பு உருவம் நிற்கிறது. யாரோ ஒரு பெரியவர் அதனிடம் அம்மா அப்பா எங்கே என்று கேட்கிறார். இரண்டு பேரும் தேவாலயத்துக்குப் போயிருக்கிறார்கள் என்கிறது பிள்ளை. பிறகு அது பேசும் பேச்சு வயதுக்கு மீறியது. நான் மகிழ்ச்சியாக இருந்தேன், அதனால்தான் எனக்குச் சாவின் உடையைப் போட்டுவிட்டார்கள் என்கிறது. இன்றும் நான் ஆடிப்பாடுகிறேன், அதைப் பார்த்து எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்கிறது. கடவுள், பாதிரி, அரசன் மூன்று பேரையும் ஒரே மூச்சில் சொல்லி, எங்கள் துன்பத்தை வைத்துத்தான் அவர்கள் சொர்க்கம் கட்டுகிறார்கள் என்று முடிக்கிறது.

பிள்ளை ஆடுகிறது, பாடுகிறது, சிரிக்கிறது. அது உண்மையான சிரிப்பு. பெரியவர்கள் அந்தச் சிரிப்பைத் தங்களுக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். “பாருங்கள், சந்தோஷமாகத்தானே இருக்கிறது” என்கிறார்கள். முதல் கவிதையின் டாம் கதகதப்பாக வேலைக்குப் போனானே, அந்தக் கதகதப்பை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு ஐந்து ஆண்டு கழித்து இரண்டாவது கவிதை பதில் சொல்கிறது. உங்கள் அம்மாச்சியின் சிரிப்புக்கும் உங்கள் அம்மாவின் கோபத்துக்கும் நடுவில் இருப்பது இதே விஷயம். அம்மாச்சி சந்தோஷமாக இருந்தார். அதை நீங்கள் மறுக்க வேண்டாம். மறுக்க நமக்கு உரிமையும் இல்லை. அவர் சந்தோஷம் அவருடையது. அதை வைத்து எஸ்டேட்டுக்கு விடுதலைப் பத்திரம் எழுதக் கூடாது என்பதுதான் பிளேக் சொல்வது.

அந்த வில்லையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 24ஆம் பிரிவு: பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளையைத் தோட்டத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது. அப்படியென்றால் பன்னிரண்டு முடிந்தால் வைக்கலாம். 26, 27ஆம் பிரிவுகள்: அந்தப் பிள்ளைக்கு வேலை செய்ய உடல்தகுதி உண்டு என்று மருத்துவர் சான்று தர வேண்டும், சான்று முதலாளியிடம் இருக்க வேண்டும், சான்றைக் குறிக்கும் ஒரு வில்லையைப் பிள்ளை வேலை நேரத்தில் உடன் வைத்திருக்க வேண்டும். உங்கள் அம்மாச்சி கழுத்தில் போட்டிருந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டுக்கு முன்பே போனார் என்றால், ஆபீஸ் கணக்கில் அவருக்கு என்ன வயது எழுதினார்கள் என்பதையும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு அது நகை. சட்டத்துக்கு அது அனுமதிச் சீட்டு. இந்த ஒரே பொருளை வைத்து இரண்டு கவிதையையும் விளக்கிவிடலாம். எந்த நோட்ஸிலும் இது கிடைக்காது.

வயது வரம்பு அவ்வளவு தாமதமாக வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. நீங்கள் படிக்கும் சித்தூரும் அதன் மேலே நெல்லியாம்பதியும் கொச்சி சமஸ்தானம். நீங்கள் பிறந்த தேவிகுளம் திருவிதாங்கூர். இரண்டுக்கும் நடுவில் ஆனைமலை, வால்பாறை, பிரிட்டிஷாரின் சென்னை மாகாணம். ஒரே மலைத்தொடர், மூன்று அரசு. தேயிலைக்கு ஆள் மட்டும் பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து, கிழக்கே தமிழ்ச் சமவெளியிலிருந்து, ஆள்பிடிக்கும் கங்காணி கொடுத்த முன்பணத்தோடு மலையேறியது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் ஏழு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்றது, ஆனால் அது ஆலைகளுக்கு மட்டும். 1938இல் குழந்தைகள் வேலைக்கென்றே ஒரு சட்டம் வந்தபோதும் தோட்டம் அதில் இல்லை. கொழுந்து எடுப்பதும் களை பிடுங்குவதும் புழு பொறுக்குவதும் திறந்தவெளி வேலை, குடும்பத்தோடு செய்கிற வேலை, பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்று துரைமார் வாதாடினார்கள். நல்ல காற்று, அம்மா பக்கத்தில், பிள்ளை சிரிக்கிறது. பனியில் நிற்கும் அந்தக் கறுப்பு உருவம் சொன்னது இதைத்தான்.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையும் பாருங்கள். பெரியவருக்கு ஒரு கூலி, பதின்பருவத்தாருக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு ஒரு கூலி என்று தனித்தனியாக நிர்ணயிக்க அது இடம் கொடுத்தது. நாம் ‘அரை ஆள் கூலி’ என்கிறோமே, அது சட்டத்துக்குள்ளேயே இருந்தது. பன்னிரண்டு முடிந்தால் வைக்கலாம் என்று இடம் கொடுத்த தோட்டச் சட்டத்தின் 24ஆம் பிரிவு 1986இல்தான் எடுக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் சட்டம் இப்படித்தான் ஊர்ந்தது. 1788இல் நாடாளுமன்றம் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் புகைக்கூண்டுத் தொழிலில் சேர்க்கக் கூடாது என்றது. பிள்ளைகளை வாரம் ஒருமுறை குளிப்பாட்ட வேண்டும் என்றுகூட எழுதினார்கள். கண்காணிக்க ஆள் வைக்கவில்லை. பிளேக்கின் முதல் கவிதை அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. சட்டம் இருந்தும் சிறுவன் இருட்டில் எழுந்து போகிறான். 1840இல் இருபத்தொரு வயதுக்குக் கீழே யாரும் ஏறக் கூடாது என்றார்கள். ஏறினார்கள். 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு மருத்துவமனைப் புகைக்கூண்டில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் சிக்கி இறந்த பிறகுதான் உரிமமும் போலீஸ் மேற்பார்வையும் வந்து அந்தக் கொடுமை நின்றது. முதல் சட்டத்துக்கும் இதற்கும் நடுவில் 87 ஆண்டு.

இந்த நெடுங்கதையில் ஒரு சிறு நிகழ்ச்சி. 1824இல் ஜேம்ஸ் மாண்ட்கோமரி என்ற கவிஞர் இந்தச் சிறுவர்களுக்காக ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்தார். சார்லஸ் லாம் அதற்கு பிளேக்கின் கவிதையை அனுப்பினார். அனுப்பியது முதல் கவிதையை. பாதிரியையும் அரசனையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் இரண்டாவது கவிதை அந்த நூலில் இல்லை. இரக்கப்படுகிறவர்களுக்கு அழுகிற பிள்ளை பிடிக்கும், நன்றி சொல்கிற பிள்ளை இன்னும் பிடிக்கும். கணக்குக் கேட்கிற பிள்ளையைத்தான் பிடிப்பதில்லை. உங்கள் அம்மா பேசத் தொடங்கினால் வீட்டில் மற்றவர்கள் பேச்சை மாற்றுகிறார்களா என்று கவனியுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டதால் நான் இரண்டாவது கவிதையின் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். பட்டறிவுக்கும் ஒரு குறை உண்டு, பிளேக்குக்கு அது தெரியும். முதல் கவிதையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! சொல்கிற சிறுவன், டாம், கனவில் டிக், ஜோ, நெட், ஜாக் என்று பெயரோடு பிள்ளைகள். ஒருவன் அழுதால் ஒருவன் தேற்றுகிறான். இரண்டாவது கவிதையில் அந்தப் பிள்ளைக்கு யாரும் இல்லை. பெயர்கூட இல்லை. எல்லாம் தெரிந்திருக்கிறது, பக்கத்தில் ஒரு டாம் இல்லை. அச்சுப்பக்கத்திலும் பிளேக் அப்படித்தான் வரைந்தார்: முதல் கவிதைக்கு அடியில் பெட்டியிலிருந்து வெளியேறி ஓடும் பிள்ளைகளின் கூட்டம், இரண்டாவதில் முதுகில் மூட்டையோடு பனியில் ஒற்றைப் பிள்ளை.

இதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அம்மாச்சிக்கு நெரையில் (கொழுந்து எடுக்கும் வரிசையில்) கூட்டாளிப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள், பாட்டு இருந்தது. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்று லயத்துக் கதவுக்குள் தம்பி தங்கைகளோடு தனியாக இருந்தார். அவர் செய்த அந்த வேலைக்குக் கூலியும் இல்லை, சான்றும் இல்லை, எந்தச் சட்டப்பிரிவும் அதை வேலை என்று சொல்லவில்லை. ஐம்பது பெண் தொழிலாளர்கள் இருந்தால் தோட்டம் குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டும் என்று 1951 சட்டத்தின் 12ஆம் பிரிவு சொன்னது. அது ஒழுங்காக நடந்திருந்தால் ஒரு சிறுமி எதற்குப் பள்ளிக்கூடத்தை விட வேண்டும்? உங்கள் அம்மாவின் கோபத்துக்கு அந்தத் தனிமையும் ஒரு காரணமாக இருக்கலாம். கேட்க வேண்டியது நீங்கள்தான்.

கூட்டமும் வேண்டும், குற்றவாளியைப் பெயர் சொல்லவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தது உங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாற்றில் கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களின் பெண்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்களே, ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில். 20 சதவீத போனஸ் கேட்டார்கள், 232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக்கச் சொன்னார்கள். கம்பெனியை மட்டும் குற்றம் சொல்லவில்லை. தங்கள் பெயரில் பேசி வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் பந்தலுக்குள் விடவில்லை. போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் வாங்கினார்கள். கூலி பிறகு 301 ஆனது, 500 ஆகவில்லை. பனியில் நின்ற பிள்ளை கடவுள், பாதிரி, அரசன் என்று அடுக்கியது போல இந்தப் பெண்கள் கம்பெனி, சங்கம், சர்க்கார் என்று அடுக்கினார்கள். ஆனால் தனியாக நிற்கவில்லை. நெரையில் நின்ற அதே வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பிள்ளைப்பருவத்தில் வில்லை போட்டவர்களும் இருந்திருப்பார்கள், தம்பியைத் தூக்கிக்கொண்டு லயத்தில் இருந்தவர்களும் இருந்திருப்பார்கள். கள்ளமின்மையும் பட்டறிவும் சேர்ந்தால் என்ன வடிவம் எடுக்கும் என்பதை இரண்டு கவிதையும் சொல்லவில்லை. உங்கள் புராஜெக்ட் சொல்லலாம்.

ஓர் இடத்தில் மட்டும் ஒப்புமையைக் கவனமாகக் கையாளுங்கள். இரண்டாவது கவிதையில் பெற்றோர்மேல் பழி கனமாக விழுகிறது; பிள்ளையை வேலைக்கு விட்டுவிட்டு அவர்கள் வழிபடப் போகிறார்கள். அதை அப்படியே உங்கள் பூட்டி மேல் வைத்துவிடாதீர்கள். முன்பணக் கடன் குடும்பத்தின் தலையில் இருந்தது. கடனை அடைக்க எத்தனை கை கிடைக்குமோ அத்தனை கையும் தேவைப்பட்டது. டாக்டர் பி. எச். டேனியல் 1940களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கியிருக்கிறார். கடன் எப்படி ஏறுகிறது, மேஸ்திரி எப்படிக் கணக்கு எழுதுகிறான் என்பதற்கு அதைப் படியுங்கள். அதைத் தழுவி வந்த ‘பரதேசி’ படம் பார்த்திருந்தாலும் நாவலைப் படியுங்கள். மருத்துவர் கண்ட நோயும் கணக்கும் நாவலில்தான் இருக்கின்றன. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலையைப் பற்றியது, அதையும் சேர்க்கலாம். சிவகாசித் தீப்பெட்டிப் பிள்ளைகளைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கூட்டுக்குஞ்சுகள்’ உங்கள் தலைப்புக்கு இன்னும் நெருக்கம்.

இன்றைய நிலையையும் ஒரு பக்கம் எழுதுங்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் பிள்ளைகளை வைக்கக் கூடாது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் ‘உதவலாம்’ என்ற விலக்கு இருக்கிறது. குடும்பத்தோடு செய்கிற வேலை, கெடுதல் இல்லை: இந்த வாதத்தை மேலே ஒருமுறை பார்த்தோம். இப்போது இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலும் தேயிலையிலும் ஜார்க்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மலையாளமும் தெரியாது, தமிழும் தெரியாது. அந்தப் பிள்ளைகள் பகலில் எங்கே இருக்கிறார்கள் என்பதை நீங்கள் ஊருக்குப் போகும்போது நேரில் பார்த்து எழுதலாம்.

வேலையை இப்படித் தொடங்குங்கள். அம்மாச்சியையும் அம்மாவையும் தனித்தனியே உட்கார வைத்துப் பேச விடுங்கள், அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அம்மாச்சியிடம் சந்தோஷத்தைப் பற்றி மட்டும் கேட்காமல், மழையில் என்ன போர்த்திக்கொண்டார், கூலி யார் கைக்குப் போனது, நெரையில் அழுத பிள்ளையை யார் தேற்றினார்கள் என்று கேளுங்கள். அம்மாவிடம், யாரோடு சேர்ந்து சிரித்தார் என்று கேளுங்கள். கிடைப்பதைப் பார்த்துவிட்டு எந்தக் கவிதைக்கு எது என்று முடிவு செய்யலாம். இருவரிடமும் இரண்டும் கிடைக்கும் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன்.

பிளேக்கிலேயே இன்னொரு ஜோடி வேண்டுமென்றால் ‘புனித வியாழன்’ இருக்கிறது, தருமப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகத் தேவாலயத்துக்கு அழைத்துப்போவது. எலிசபெத் பாரெட் பிரௌனிங் ஆலை, சுரங்கப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய கவிதையைச் சிலர் பிளேக்கோடு ஒரே அத்தியாயத்தில் சேர்ப்பார்கள். அது 1843, விக்டோரியா காலம். பிளேக்கின் ரொமான்டிக் காலத் தலைப்பின் கீழ் வைத்தால் தேர்வாளர் மதிப்பெண் குறைப்பார். தனி அத்தியாயமாக வைத்துக்கொள்ளுங்கள்.